பாராமோ மலைச்செடிகளுக்குக் குறிப்பு எழுதுவது எப்படி? ஃப்ரைலெஹோனை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஃப்ரைலெஹோன் என்ற ஆண்டிஸ் மலைச்செடியின் விதைக்குச் சிறகு கிடையாது. நம் ஊர் வெட்டுக்காயப் பூண்டும் அதுவும் ஒரே சூரியகாந்திக் குடும்பம்தான். ஆனால் வெட்டுக்காயப் பூண்டின் விதை தலையில் ஒரு தூவிக் குஞ்சத்தோடு காற்றில் ஏறி அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஃப்ரைலெஹோன் விதைக்கு அந்தத் தூவி இல்லை. தாய்ச்செடியின் காலடியிலேயே உதிர்ந்து, பெரும்பாலும் அங்கேயே முளைக்கிறது. கொலம்பியா, வெனிசுவேலா, எக்வடோர் நாடுகளில் ஆண்டிஸ் மலைகளின் உயரத்தில் மட்டும் வாழும் இந்தச் செடிகளுக்கு, ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் நடுவே உள்ள வெப்பமான பள்ளத்தாக்கு ஒரு கடல் மாதிரி. அதைத் தாண்டுவது அரிது என்பதால் ஒவ்வொரு மலைத்தொகுதியிலும் தனித்தனியாகக் கிளைத்து, இன்று சுமார் 140 சிற்றினங்களாக நிற்கின்றன.

இந்த ஒரு செய்தியிலிருந்துதான் இந்த வழிகாட்டி முழுவதும் வருகிறது. சமவெளிச் செடி ஒன்றுக்குப் பெயர் தெரிந்தால் போதும், எங்கே எடுத்தோம் என்பது கூடுதல் தகவல் என்று பலர் நினைக்கிறார்கள். உயர்மலைச் செடிக்கு அது பொருந்தாது. எந்த மலை, எத்தனை மீட்டர், எந்தச் சரிவு, எவ்வளவு ஈரம் என்ற குறிப்பு இல்லாவிட்டால் பெயரையே உறுதியாகச் சொல்ல முடியாத செடிகள் இங்கே ஏராளம். வாழிடக் குறிப்பு வகைப்பாட்டின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தாவரவியல் மாணவர்கள், இணையத்தில் ஹெர்பேரியம் (காய்ந்த செடித் தொகுப்பகம்) தாள்களைப் பார்த்துப் படிப்பவர்கள், எப்போதாவது அந்த மலைகளுக்கே போகப்போகிறவர்கள் என மூவரையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: எந்தப் பட்டையில் நிற்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஆண்டிஸில் மழைக்காடு முடிகிற இடத்துக்கும் பனிக்கோட்டுக்கும் நடுவே உள்ள ஈரமான திறந்தவெளிக்குப் பாராமோ என்று பெயர். பொதுவாக 3000 முதல் 3500 மீட்டருக்குள் எங்காவது தொடங்கி, 4800 மீட்டரை ஒட்டி முடியும். வெனிசுவேலாவின் மெரிடா மலைகள், கொலம்பியாவின் மூன்று மலைத்தொடர்கள், எக்வடோர், வடக்குப் பெரு வரை இது உண்டு. கோஸ்டா ரிக்காவிலும் பனாமாவிலும் சிறு துண்டுகள் இருக்கின்றன. உலகப் பாராமோவில் ஏறக்குறைய பாதி கொலம்பியாவில்தான். பொகோட்டாவுக்குத் தெற்கே உள்ள சுமாபாஸ் எல்லாவற்றிலும் பெரியது. பெருவில் தெற்கே போகப்போக மழை குறைந்து, வறண்ட புனா நிலம் வந்துவிடும். பாராமோவையும் புனாவையும் ஒன்றாக்கி எழுதினால் அந்தக் குறிப்பு அப்போதே கெட்டுவிட்டது.

பாராமோவுக்குள்ளேயே மூன்று பட்டைகள். காட்டை ஒட்டிக் கீழே இருப்பது துணைப் பாராமோ. இங்கே புதர்கள் அதிகம்: ஹைபெரிக்கம், டிப்ளோஸ்டெஃபியம், பென்டகாலியா. நடுவில் புல் பாராமோ. கலமாக்ராஸ்டிஸ் புற்கள் கொத்துக் கொத்தாக நிற்க, அவற்றின் நடுவே ஃப்ரைலெஹோன்கள் எழுந்து நிற்கும். மேலே மேல்பாராமோ. கல்லும் மணலும்தான் அதிகம். டிராபா போன்ற சின்னஞ்சிறு செடிகள் பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எல்லைகளை எண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரே மலையில் அமேசான் பக்கச் சரிவு அதிகம் நனையும், உட்சரிவு காய்ந்திருக்கும்; காட்டின் எல்லையும் அதற்கேற்ப ஏறி இறங்கும். அதனால் குறிப்பில் மீட்டர் அளவையும் எழுதுங்கள், சுற்றிலும் எந்தச் செடிகள் மிகுதி என்பதையும் எழுதுங்கள். பட்டை எது என்பதை அந்த இரண்டும் சேர்ந்துதான் சொல்லும்.

அப்புறம், தட்பவெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே மாதத்துக்கு மாதம் வெப்பம் பெரிதாக மாறாது. மாற்றமெல்லாம் ஒரே நாளுக்குள் நடந்துவிடும். நண்பகலில் தோலைச் சுடும் வெயில், நள்ளிரவில் உறைபனி. ஊட்டியில் ஜனவரிக் காலையில் புல்மேல் படியும் உறைபனியைப் பார்த்தவர்களுக்கு ஓரளவு பிடிபடும். ஆனால் 4000 மீட்டருக்கு மேலே எந்த மாதத்திலும் அப்படி ஓர் இரவு வரலாம். இங்குள்ள செடிகளின் உருவமெல்லாம் இதற்கான விடைதான்.

படி 2: உருவத்தை எழுதுங்கள், ஆனால் அதை நம்பிக் குடும்பம் சொல்லாதீர்கள்

பாராமோவில் திரும்பத் திரும்ப வரும் உருவங்கள் ஐந்தாறுதான். தண்டின் உச்சியில் இலைவட்டம் தாங்கி நிற்பவை, தண்டே இல்லாமல் தரையோடு இலைவட்டம் விரிப்பவை, மெத்தைபோல் படர்பவை, கொத்துப்புல், தடித்த சிற்றிலைப் புதர். எல்லாக் குடும்பங்களும் குளிருக்கும் வெயிலுக்கும் ஒரே மாதிரி விடைகளைக் கண்டுபிடித்திருப்பதால் உருவம் ஏமாற்றும்.

மெத்தைச் செடிகள் நல்ல உதாரணம். ஈரமான பள்ளங்களில் கெட்டியான பச்சை மெத்தைகள் கிடக்கும். காலால் மிதித்தால்கூட அமுங்காது. அதில் ஒன்று பிளான்டாகோ ரிஜிடா, அதாவது இசப்கோலின் உறவு. இன்னொன்று அசொரெல்லா, கொத்தமல்லிக் குடும்பம். மூன்றாவது டிஸ்டிகியா, புல் போலத் தோன்றும் ஜங்கஸ் குடும்பம். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். மண்டியிட்டுக் கைலென்ஸ் வைத்துப் பாருங்கள்: பிளான்டாகோவின் இலை இறுக்கமான சிறு வட்டங்களாக அடுக்கியிருக்கும், டிஸ்டிகியாவின் இலைகள் இரண்டே வரிசையில் விசிறிபோல் எதிரெதிரே அமைந்திருக்கும்.

உயரமான இலைவட்டச் செடிகளிலும் இதே கதை. கிழக்கு ஆப்பிரிக்காவின் கென்யா மலையிலும் கிளிமஞ்சாரோவிலும் உள்ள டென்ட்ரோசெனெசியோ, பார்ப்பதற்கு ஃப்ரைலெஹோனின் கூடப்பிறந்தது மாதிரி இருக்கும். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம் என்பது உண்மை. ஆனால் அந்தக் குடும்பத்துக்குள் வேறுவேறு கிளைகள். தண்டு, காய்ந்த இலைப் போர்வை, உச்சியில் இலைவட்டம் என்ற அமைப்பை இரு கண்டங்களும் தனித்தனியாக உருவாக்கிக்கொண்டன.

ஆக, உருவத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு, குடும்பத்துக்குப் பூவிடம் போங்கள்.

படி 3: குடும்பத்தைப் பூவில் பிடியுங்கள்

இதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கல்லூரிப் பாடத்தில் படித்ததே இங்கே போதும். பல சிறுமலர்கள் ஒரே தலையாகக் கூடி, அடியில் செதில்கள் சூழ்ந்திருந்தால் சூரியகாந்திக் குடும்பம். பாராமோவில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். அங்கே மிகுதியான சிற்றினங்கள் உள்ள குடும்பங்களில் அது முன்னால் நிற்கிறது. எக்வடோரில் மலையேறுபவர்களின் பூ என்று சொல்லப்படும் சுக்கிராகா ஜுசியூயி கூட அதில்தான் சேரும். முள்ளிலையும் ஆரஞ்சு நிறக் கூம்புத் தலையும் பார்த்தால் யாரும் சூரியகாந்தியை நினைக்க மாட்டார்கள். அதைத் தேடி வரும், சிம்போராசோ என்ற எக்வடோர் மலையின் பெயர் கொண்ட ரீங்காரச் சிட்டு (ஹம்மிங்பேர்ட்) இன்னொரு அழகு.

அவரைப் பூ மாதிரி இருந்தால் லூபினஸ். இலை எதிரெதிராக, பூ மணிபோல் இருந்தால் ஜென்ஷியனெல்லா பக்கம் போங்கள். பூவின் அடியில் நான்கு கொம்புகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஹலேனியா. இலைவட்டம், நீண்ட இலை, மூன்று இதழ் என்றால் அன்னாசிக் குடும்பத்துப் புயா.

புயாவில் கொஞ்சம் நிற்க வேண்டும். இளம் புயாவும் இளம் ஃப்ரைலெஹோனும் மூடுபனியில் ஒன்றுபோல வெள்ளி நிறமாகத் தெரியும். இலை விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். புயாவில் கொக்கி முள் இருக்கும், விரலைக் கிழிக்கும். ஃப்ரைலெஹோன் இலை கம்பளி மாதிரி மெத்தென்று இருக்கும். புயா இலையில் நரம்புகள் இணையாக ஓடும். ஃப்ரைலெஹோனில் நடுநரம்பும் அதிலிருந்து பிரியும் கிளைநரம்புகளும் உண்டு. புயாக்களில் மிகப் பெரியது புயா ரைமொண்டி. பெரு, பொலிவியா நாடுகளின் புனாவில் வாழ்கிறது. பல பத்தாண்டுகள் இலைவட்டமாகவே வளர்ந்து, ஒரே தடவை பிரம்மாண்டமாகப் பூத்து, நம் குறிஞ்சி போல விதையோடு மடிந்துவிடும். குறிஞ்சி கூட்டமாகப் பூக்கும், இது ஒவ்வொன்றும் தன் காலத்தில் பூக்கும் என்பது வித்தியாசம். இத்தாலியில் பிறந்து பெருவிலேயே வாழ்ந்த இயற்கையியலாளர் அந்தோனியோ ரைமொண்டியின் நினைவாக 1928-இல் இந்தப் பெயர் வந்தது.

படி 4: ஃப்ரைலெஹோனை உறுப்பு உறுப்பாகப் பாருங்கள்

ஃப்ரைலெ என்றால் ஸ்பானிய மொழியில் துறவி. ஃப்ரைலெஹோன் என்றால் பெரிய துறவி. மூடுபனிக்குள் அங்கி போர்த்தி வரிசையாக நிற்கும் துறவிகளைப் போலத் தெரிவதால் வந்த பெயர். தாவரவியலில் பேரினத்தின் பெயர் எஸ்பெலெட்டியா.

தண்டிலிருந்து தொடங்குங்கள். தரையிலிருந்து இலைவட்டத்தின் அடி வரை எத்தனை சென்டிமீட்டர்? கிளை உண்டா? தண்டைச் சுற்றிக் காய்ந்த இலைகள் உதிராமல் போர்வைபோல் ஒட்டியிருக்கும். அது முழுதாக உள்ளதா, பாதி உதிர்ந்ததா, தீயில் கருகியதா? இதை ஒரு அலங்காரத் தகவலாக நினைக்காதீர்கள். அந்தப் போர்வைதான் இரவில் தண்டை உறையாமல் காக்கிறது. தண்டின் நடுவே உள்ள சோற்றுப்பகுதி தண்ணீர்த் தொட்டி. காலையில் மண் இன்னும் குளிர்ந்து வேர் தண்ணீர் ஏற்ற முடியாத நேரத்தில், வெயில் இலையைத் தாக்கும்போது, இந்தத் தொட்டியிலிருந்துதான் இலைகளுக்கு நீர் போகிறது. வெனிசுவேலாவில் எஸ்பெலெட்டியா ஷுல்ட்ஸியின் காய்ந்த இலைகளை அகற்றிப் பார்த்தார்கள். அப்படி அகற்றிய செடிகள் பல செத்துப்போயின. உயரம் கூடக்கூட இலைப்பரப்புக்கு ஏற்ற சோற்றுப்பகுதியின் அளவும் கூடுகிறது என்றும் அங்கேயே கண்டார்கள். அதனால் தண்டின் தடிமனையும் அளந்து எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஃப்ரைலெஹோன் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மெதுவாக வளரும் என்பது சரி. ஆனால் சிற்றினத்துக்குச் சிற்றினம், இடத்துக்கு இடம் வேகம் மாறும். உயரத்தை வைத்து வயதைக் கணக்கிட்டு, செடித்தாளோடு வைக்கும் குறிப்புச் சீட்டில் எழுதவே எழுதாதீர்கள். அளந்ததை மட்டும் எழுதுங்கள்.

அடுத்தது இலை. நீளம், அகலம், நுனி, விளிம்பு. ரோமத்தின் நிறம் வெள்ளையா, வெள்ளியா, பொன்னிறமா, துருநிறமா? மேற்புறமும் அடிப்புறமும் ஒன்றா? இலை தண்டைப் பிடிக்கும் இடத்தில் உள்ள இலையுறையை மறக்கக்கூடாது. பலர் இலையைப் பாதியில் ஒடித்து எடுத்துவிடுவார்கள். உறை தண்டிலேயே தங்கிவிடும். சிற்றினங்களைப் பிரிக்க உதவும் அடையாளங்களில் உறையின் வடிவமும் ஒன்று. காய்ந்த தாளில் அது இல்லாவிட்டால் பிறகு எங்கே தேடுவது?

பிறகு மஞ்சரி, அதாவது பூக்கள் தண்டில் அமைந்திருக்கும் விதம். இங்கேதான் அதிக நேரம் செலவழியுங்கள். முதல் கேள்வி: பூத்தண்டு இலைகளின் கக்கத்திலிருந்து வருகிறதா, இலைவட்டத்தின் உச்சியிலிருந்தே வருகிறதா? கக்கத்திலிருந்து வந்தால் செடி பூத்த பிறகும் வளர்ந்துகொண்டே போகும். வெனிசுவேலாவின் ருயிலோபெசியா என்ற ஃப்ரைலெஹோன் வகைகளில் உச்சியே பூத்தண்டாக மாறுவதால் பூத்ததும் அந்த இலைவட்டம் மடிந்துவிடும். இரண்டாவது கேள்வி: பூத்தண்டில் கிளைகளும் சிற்றிலைகளும் எதிரெதிராக உள்ளனவா, மாறி மாறி உள்ளனவா? குறுகிய பொருளில் எஸ்பெலெட்டியா என்று சொல்லப்படுபவற்றில் எதிரெதிர் அமைப்பு. எஸ்பெலெட்டியோப்சிஸ் என்ற இன்னொரு பிரிவின் வகைகளில் மாறி மாறி (இந்தப் பிரிவுகளைப் பற்றிப் படி 7-இல்). இந்த ஒரு விவரம் இல்லாததால் பயனற்றுப்போன புகைப்படங்கள் இணையத்தில் நிறைய. எல்லோரும் இலைவட்டத்தை மேலிருந்து படம் எடுக்கிறார்கள். பூத்தண்டைப் பக்கவாட்டில் எடுப்பவர்கள் குறைவு.

பூந்தலைகள் எத்தனை, நிமிர்ந்தவையா, தலைகுனிந்தவையா, விட்டம் எவ்வளவு என்று பாருங்கள். ஓரத்தில் உள்ள கதிர் மலர்களை எண்ணுங்கள். நடுவில் உள்ள வட்டு மலர்களைப் பிரித்துக் கைலென்ஸில் பாருங்கள். ஃப்ரைலெஹோன்களில் கதிர் மலர்கள் பெண். விதை அவற்றில்தான் பிடிக்கும். வட்டு மலர்கள் ஆண் வேலையை மட்டும் செய்கின்றன. சூரியகாந்தியில் இதற்கு நேர்மாறாக நடுவட்டம் முழுவதும் விதையாவதை நினைத்துக்கொண்டால் இது மறக்காது.

ஒரு செடியை அளந்து நிறுத்தாதீர்கள். குறைந்தது பத்துச் செடிகளையாவது அளந்து, சிறியதிலிருந்து பெரியது வரை வீச்சை எழுதுங்கள். இளம் செடியின் இலைக்கும் பூக்கும் வயதுள்ள செடியின் இலைக்கும் வித்தியாசம் உண்டு. அதோடு ஃப்ரைலெஹோன்கள் பக்கத்துச் சிற்றினங்களோடு தாராளமாகக் கலக்கும். இரண்டு சிற்றினங்கள் சேர்ந்து நிற்கும் இடத்தில் நடுத்தரமான ஒரு செடியைக் கண்டால், புதுச் சிற்றினம் கிடைத்துவிட்டது என்று நினைக்கும் முன் கலப்பினமா என்று கேளுங்கள். அருகில் எந்தெந்தச் சிற்றினங்கள் பூத்திருந்தன என்ற வரி இருந்தால்தான் பின்னால் பார்ப்பவர் அதைத் தீர்மானிக்க முடியும்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இளமை. ஆண்டிஸ் இந்த உயரத்துக்கு எழுந்து பாராமோ உருவாகிச் சில மில்லியன் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்குள் நடந்த கிளைப்பு, உலகிலேயே மிக வேகமானவற்றில் ஒன்று. ஆண்டிஸ் லூபினஸில் 80-க்கு மேற்பட்ட சிற்றினங்கள் இரண்டு மில்லியன் ஆண்டுகளுக்குள் தோன்றியிருக்கின்றன. இவ்வளவு புதிதாகப் பிரிந்தவற்றுக்கு நடுவே கூர்மையான எல்லைக்கோடு எல்லா இடத்திலும் இருக்காது.

படி 5: வாழிடக் குறிப்பு

முதலில் ஒரு மோசமான குறிப்பு: "எக்வடோர், ஆண்டிஸ், பாராமோ, பொதுவாகக் காணப்படுவது." இப்படி ஆயிரக்கணக்கான சீட்டுகள் தொகுப்பகங்களில் தூங்குகின்றன.

நல்ல குறிப்பு ஒன்றின் மாதிரி இப்படி இருக்கலாம்:

"எக்வடோர், கார்ச்சி மாகாணம், எல் ஆன்ஹெல் காப்பகம். புல் பாராமோ, 3700 மீ., வடகிழக்கு நோக்கிய மென்சரிவு. கருநிற ஆழ்மண், கையால் பிழிந்தால் நீர் சொட்டுகிறது. கொத்துப்புல்லின் நடுவே அடர்த்தியாக, எல்லா வயதுச் செடிகளும் உள்ளன. கூடவே ஹைபெரிக்கம், புயா. பள்ளத்தில் பிளான்டாகோ மெத்தைகள்; அங்கே ஃப்ரைலெஹோன் இல்லை. பழைய தீயின் தடம்: கீழ்ப்பகுதித் தண்டுகள் கருகியுள்ளன. மாட்டுச் சாணம் இல்லை. தண்டு 60–210 செ.மீ., கதிர் மலர் மஞ்சள். தேனீ வருகை, காலை 10 மணி."

இதில் எது எதற்கு என்று பார்ப்போம். எந்தப் பக்கம் நோக்கிய சரிவு என்பதால் காலை வெயில் படுகிறதா, மாலை வெயிலா என்று தெரியும். பாராமோவில் பிற்பகலில் பெரும்பாலும் மேகம் மூடிவிடுவதால் கிழக்குச் சரிவுக்குக் கிடைக்கும் வெயில் மேற்குக்குக் கிடைக்காது. மண் ஈரத்தை எழுத கருவி தேவையில்லை, பிழிந்து பார்த்தால் போதும். எல்லா வயதுச் செடிகளும் உள்ளன என்றால் அந்தக் கூட்டம் தன்னைத் தானே புதுப்பிக்கிறது. வெறும் உயரமான செடிகள் மட்டும் நின்று குஞ்சு ஒன்றும் இல்லையென்றால் மேய்ச்சலோ வேறு எதுவோ நடக்கிறது. இல்லாததை எழுதுவதும் குறிப்புதான். பள்ளத்தில் ஃப்ரைலெஹோன் இல்லை என்ற வரி, அது எவ்வளவு நீர் தேங்கினால் தாங்காது என்று சொல்கிறது.

தீயையும் மாட்டையும் தவறாமல் எழுதுங்கள். பாராமோவில் புல் துளிர்ப்பதற்காகத் தீ வைப்பது பழைய வழக்கம். உருளைக்கிழங்கு வயல்கள் கீழிருந்து ஏறி வருகின்றன. காட்டின் எல்லைக்கு மேலே தனித் தீவுகளாக நிற்கும் போலிலெபிஸ் மரக்கூட்டங்களைப் பாருங்கள். பாறைச் சரிவில் மட்டும் அவை ஒதுங்கி நிற்பது இயல்பான வாழிடமா, தீயும் மேய்ச்சலும் எட்டாத இடத்தில் மிஞ்சியதா என்று நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. அந்த விவாதத்துக்கு உதவுவது இப்படிப்பட்ட சின்னச் சின்ன வரிகள்தான்.

மேலே உள்ள மாதிரிக் குறிப்பின் ஃப்ரைலெஹோன் எஸ்பெலெட்டியா பிக்னோஃபில்லா என்ற சிற்றினம். அது எக்வடோரின் வடகோடியிலும் அதை ஒட்டிய தெற்குக் கொலம்பியாவிலும் வாழ்கிறது. அங்கிருந்து வெகுதூரம் தெற்கே, லாங்கனாத்தெஸ் மலைகளிலும் தனியாக ஒரு கூட்டம் உண்டு. சிறகில்லாத விதை எப்படி அங்கே போயிற்று? பனியுகங்களில் பாராமோ பட்டை கீழே இறங்கி, இன்று பிரிந்திருக்கும் மலைகள் பல அப்போது தொட்டுக்கொண்டிருந்தன. அந்தப் பழைய பாதைகளை ஊகிக்க இன்றைய வாழிடக் குறிப்புகள் தவிர வேறு கைப்பிடி அதிகம் இல்லை.

படி 6: உள்ளூர்ப் பெயரைக் கேட்டு எழுதுங்கள்

அந்த மலையில் வாழ்பவர்களிடம் பெயர் கேளுங்கள், சொன்னபடியே எழுதுங்கள். புயாவை எக்வடோரில் அச்சுபாயா என்பார்கள். போலிலெபிஸ் எக்வடோரில் யாகுவால், பெருவிலும் பொலிவியாவிலும் கெஞுவா, வெனிசுவேலாவில் கொலொராதித்தோ. உள்ளூர்ப் பெயர் அறிவியல் பெயருக்கு மாற்று ஆகாது. ஆனால் இடத்தைக் காட்டும் முத்திரை.

நீலகிரிக்காரர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். சிங்கோனா ஆண்டிஸ் காட்டு மரம். அங்கே காஸ்கரியா என்ற ஒரே பெயரில் பல மரங்களின் பட்டைகள் விற்றன. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினா சத்து ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி. 1860-இல் ஆங்கிலத் தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்புரூஸ் எக்வடோரின் சிம்போராசோவின் அடிவாரச் சரிவுகளில் தங்கி, சிவப்புக் காஸ்கரியா என்று மக்கள் பிரித்துச் சொன்ன மரத்தின் விதையையும் நாற்றையும் சேகரித்து அனுப்பினார். ஊட்டியிலும் நடுவட்டத்திலும் எழுந்த சிங்கோனாத் தோட்டங்களுக்கு அந்தச் செடிகள் வந்து சேர்ந்தன.

படி 7: பெயர் வைப்பது, பெயர் மாறுவதைச் சமாளிப்பது

எஸ்பெலெட்டியா என்ற பெயர், புதிய கிரனாடாவின் (இன்றைய கொலம்பியாவும் சுற்றுப்பகுதிகளும் அடங்கிய ஸ்பானிய ஆட்சிப் பகுதி) வைஸ்ராயாக இருந்த ஹோசே மானுவேல் தெ எஸ்பெலெட்டாவின் நினைவாக ஹோசே செலெஸ்தினோ மூட்டிஸ் சூட்டியது. 1783-இல் தொடங்கிய அரசுத் தாவரவியல் பயணக்குழுவின் தலைவர் மூட்டிஸ். அவரது ஓவியர்கள் தீட்டிய சுமார் 6000 படங்கள் இன்று மாட்ரிட் அரசுத் தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பெயரை முறைப்படி அச்சில் கொண்டுவந்தவர்கள் தென் அமெரிக்காவில் பயணம் செய்த ஆய்வாளர்கள் ஹம்போல்ட்டும் பான்பிளானும், 1808-இல். அதனால்தான் ஆசிரியர் பெயரில் மூவரும் சேர்ந்து வருவார்கள். பேரினத்தின் மாதிரிச் சிற்றினம் (பேரினப் பெயருக்கு அடிப்படையாக வைத்த சிற்றினம்) எஸ்பெலெட்டியா கிராண்டிஃப்ளோரா. பொகோட்டாவைச் சுற்றியுள்ள பாராமோக்களில் இன்றும் பார்க்கலாம்.

இருபதாம் நூற்றாண்டில் தாவரவியலாளர் ஹோசே குவாத்ரெகாசாஸ் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தச் செடிகளுக்குக் கொடுத்தார். ஒரே பேரினமாக இருந்ததைப் பலவாகப் பிரித்தார்: எஸ்பெலெட்டியா, எஸ்பெலெட்டியோப்சிஸ், கோஎஸ்பெலெட்டியா, ருயிலோபெசியா, மரமாக வளரும் லிபனோதாம்னஸ் என்று. அவர் 1996-இல் மறைந்தார். அவரது பெருநூல் 2013-இல்தான் வெளிவந்தது. பிறகு மரபணு ஆய்வுகள், இந்தப் பிரிவுகள் பல இயற்கையான கிளைகளோடு சரியாகப் பொருந்தவில்லை என்று காட்டின. எல்லாவற்றையும் மறுபடி எஸ்பெலெட்டியா என்ற ஒரே பேரினத்துக்குள் சேர்க்கும் வகைப்பாடும் வந்துவிட்டது.

நீங்கள் எதைப் பின்பற்றுவது? என் கருத்து இது: பெரிய எஸ்பெலெட்டியா என்ற பெயரில் எழுதுங்கள், அடுத்த வரியில் குவாத்ரெகாசாஸின் பெயரையும் இணைப்பெயராகக் கொடுங்கள். பெயர் எந்த நூலின்படி என்று ஒரு சொல் சேருங்கள். உருவக் குறிப்பு ஒழுங்காக இருந்தால் பெயர் நாளை மாறினாலும் உங்கள் தாள் செத்துப்போகாது. பழைய பேரினங்கள் போனாலும், எதிரெதிர்க் கிளை, மாறி மாறிக் கிளை என்ற விவரம் அப்படியே பயன்படும்.

சிற்றினம் உறுதியாகத் தெரியவில்லையா? பேரினத்தோடு நிறுத்துங்கள். தவறான சிற்றினப் பெயரைவிட நேர்மையான பாதிப் பெயர் பல மடங்கு மேல்.

படி 8: எடுப்பதும் எடுக்காமல் விடுவதும்

இந்த நாடுகளில் அனுமதியில்லாமல் ஒரு இலையைக்கூடப் பறிக்கக்கூடாது. பல இடங்கள் தேசியப் பூங்காக்கள். பொகோட்டாவின் குடிநீரில் பெரும்பகுதி வரும் சிங்காசா அப்படி ஒன்று. ஆய்வு அனுமதி உள்ளவர்களும் முழு இலைவட்டத்தை வெட்ட வேண்டியதில்லை. உறையோடு முழு இலை இரண்டு, ஒரு பூத்தண்டு, முதிர்ந்த பூந்தலை ஒன்று போதும். இலை தடிமனாகவும் ரோமமாகவும் இருப்பதால் சீக்கிரம் காயாது; தாள்களை அடிக்கடி மாற்ற வேண்டும். பூத்தண்டு நீளமென்றால் மடித்து வைத்து, முழு நீளத்தை எழுதிவிடுங்கள்.

பார்வையாளராகப் போகிறவர்களுக்குப் படங்கள் போதும், வரிசை தவறாமல் எடுத்தால்: தூரத்திலிருந்து நிலம், அளவுகோலோடு முழுச் செடி, தண்டும் போர்வையும், இலையின் இரு புறமும், இலையுறை, உதிர்ந்த இலையிலிருந்து, பூத்தண்டு பக்கவாட்டில், பூந்தலையின் முகம், பூந்தலையின் முதுகு. நடக்கும்போது மெத்தைச் செடிகளை மிதிக்காதீர்கள்.

படி 9: பழைய தாள்களோடு ஒப்பிடுங்கள்

பொகோட்டாவிலுள்ள கொலம்பியத் தேசிய ஹெர்பேரியம், பாரிஸ் அருங்காட்சியகம், லண்டனின் கியூ தோட்டம், நியூயார்க் எனப் பல தொகுப்பகங்களின் தாள்களை இன்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். உலகெங்குமுள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஐஎஃப் தளத்தில் வரைபடமும் கிடைக்கும். ஆனால் வரைபடப் புள்ளியை அப்படியே நம்பாமல் சீட்டைப் படியுங்கள். சீட்டில் 3800 மீட்டர் என்றிருக்க, புள்ளி 900 மீட்டர் பள்ளத்தாக்கில் விழுந்திருந்தால் ஆயத்தொலைவு பின்னால் யாரோ ஊகித்துப் போட்டது. புதிய கிரனாடா என்ற பழைய பெயர் இன்றைய ஒரே நாட்டைக் குறிக்காது. ஹம்போல்ட்டும் பான்பிளானும் சேகரித்த செடிகளை விவரித்த தாவரவியலாளர் கூந்தின் நூல்களில் உயரம் ஹெக்சாபோட் என்ற அளவில் இருக்கும். அது பிரெஞ்சு துவாஸ்தான், ஒன்றுக்கு சுமார் 1.949 மீட்டர். 1500 ஹெக்சாபோட் என்று கண்டால் 2920 மீட்டரை ஒட்டியது என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த ஒப்பீட்டில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு ஹம்போல்ட்டே சாட்சி. 1802 ஜூன் 23 அன்று அவர் சிம்போராசோவில் ஏறினார். பின்னர் வெளியிட்ட புகழ்பெற்ற மலைப்படத்தில் எந்த உயரத்தில் எந்தச் செடி என்று அடுக்கிக் காட்டினார். 2015-இல் ஒரு குழு அந்தப் படத்தை இன்றைய சிம்போராசோவோடு ஒப்பிட்டு, செடிகள் சுமார் 500 மீட்டர் மேலே ஏறிவிட்டன என்று எழுதியது. 2019-இல் இன்னொரு குழு மூலக் குறிப்புகளையும் தாள்களையும் தோண்டிப் பார்த்தது. மேல் உயரச் செடிகளில் பெரும்பாலானவை சிம்போராசோவில் எடுத்தவையே அல்ல, அந்திசானா மலையில் எடுத்தவை. படம் பல மலைகளின் தகவலைச் சேர்த்துத் தீட்டிய ஒரு பொதுச் சித்திரம். அந்திசானாவுக்குப் போய் மறுபடி அளந்தபோது செடிகள் ஏறியிருப்பது உண்மை என்றே தெரிந்தது, ஆனால் முதலில் சொன்னதில் ஏறக்குறைய பாதி அளவுதான். இருநூறு ஆண்டுக்குப் பிறகும் அதைத் திருத்த முடிந்ததற்குக் காரணம், அந்தப் பயணத்தின் கையெழுத்துக் குறிப்புகளும் பான்பிளானின் காய்ந்த செடிகளும் பாரிஸில் இன்னும் பத்திரமாக இருந்ததுதான்.

கடைசியாக எழுதுகோல். பாராமோவில் சாரல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மை கரைந்து ஓடிவிடும். பென்சிலால் எழுதுங்கள். கைப்பேசியின் மின்கலம் குளிரில் சட்டென்று இறங்கும், அதனால் உயரத்தையும் இடத்தையும் செடியின் முன்னால் நிற்கும்போதே தாளில் பதிந்துவிடுங்கள். அன்றிரவே, விரல் சூடேறியதும், தேதியோடும் உங்கள் முழுப்பெயரோடும் குறிப்பைச் சுத்தமாகப் படியெடுத்து, பென்சில் தாளையும் அதனோடு சேர்த்து வையுங்கள்.